வலுவான அடித்தல்

அந்த ஊரில் வாரப் பத்திரிகையைச் செய்திக்காக வாங்கியவர்கள் குறைவு. பிழைக்காக வாங்கியவர்கள்தான் அதிகம். வெள்ளிக்கிழமை காலையில் எட்டுப் பக்கமும் கடைக்கு வந்துவிடும். ஒன்பது மணிக்குள் அந்த வாரத்துத் தப்பு எது என்று கண்டுபிடித்து ஊர் முழுக்கச் சொல்லிவிடுவார்கள். பல் மருத்துவர் ஒருவர் 'வலியின்றிப் பல் பிடுங்கப்படும்' என்று விளம்பரம் கொடுத்தார். 'வழியின்றிப் பல் பிடுங்கப்படும்' என்று வந்தது. குடிநீர் வாரிய அதிகாரி இறந்தபோது கண்ணீர் அஞ்சலி தண்ணீர் அஞ்சலியாகிவிட, அழுதுகொண்டிருந்த வீட்டிலேயே நாலு பேர் வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள். ஒரு முறை மணமக்கள் படத்துக்குக் கீழே 'இருவரையும் போலீசார் தேடி வருகின்றனர்' என்று இருந்தது. பிழையே இல்லாத வாரத்தில் ஆட்கள் அச்சகத்துக்கே வந்து, "என்ன சார், இந்த வாரம் ஒண்ணும் இல்லையா, உடம்பு கிடம்பு சரியில்லையா" என்று விசாரித்துவிட்டுப் போனதும் உண்டு.

செய்தி எழுதுவது, ப்ரூஃப் பார்ப்பது, மிஷின் ஓட்டுவது எல்லாம் ஆசிரியர் ஒருவரே. இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான். அவர் மனைவி ஊரெல்லாம் சுற்றி விளம்பரம் பிடித்து வருவாள். கம்ப்யூட்டரில் பக்கத்தைக் கட்டுவது அவருடைய தங்கை. கல்யாணமாகி நாலாம் வருடம் புருஷன் வேறொருத்தியோடு போய்விட, கைக்குழந்தையோடு அண்ணன் வீட்டு மாடிக்கு வந்தவள், கீழே அச்சகத்தில் வேலை பழகி அங்கேயே நிலைத்துவிட்டாள். ஊரில் அவளுக்குப் பக்கக்காரி என்று பெயர். தப்பெல்லாம் அவள் தலையில்தான் விழும். உண்மையில் பாதிக்கு மேல் அண்ணனுடைய கோழிக்கிறுக்கலால் வந்தவை. அவள் அதை யாரிடமும் சொன்னதில்லை. சோறு போட்ட கையைக் குறை சொல்ல அவளுக்கு நா எழுந்ததில்லை.

மகளுக்கு இப்போது ஒன்பது வயது. ஊரிலேயே பெரிய தனியார் பள்ளியில் படித்தாள். அந்தப் பள்ளிதான் பத்திரிகைக்கும் பெரிய விளம்பரதாரர். தாளாளர் சொன்னதை அப்படியே போடுவார்கள். பள்ளியின் விளையாட்டு விழாவும் நூறு சத வெற்றியும் முன்பக்கத்தில் வரும். அதற்குப் பதிலாக மகளுக்கு இலவசமாக ஓர் இடம். இப்படி இரண்டு பக்கமும் வாயை மூடிக்கொண்டு ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தத் திங்கட்கிழமை மழை. மழை நாளில் தாள் ஈரத்தைக் குடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மிஷினில் இரண்டு இரண்டாக ஏறும். பக்கக்காரி கட்டுக் கட்டாகத் தாளை விசிறிப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தபோது மகள் வந்தாள். வந்தவள் பையைக் கழற்றாமல் நின்றாள்.

"பையைக் கழட்டேன்டி."

"வேணாம்."

"ஏன்?"

"மாட்டிக்கிட்டே இருக்கேன்."

குரலில் ஏதோ இருந்தது. அவள் எழுந்து போய்ப் பையின் வாரைத் தோளிலிருந்து இறக்கினாள். குழந்தை உதட்டைக் கடித்துக்கொண்டது. மாடிக்குக் கூட்டிப் போய்ச் சட்டையை விலக்கிப் பார்த்தாள். முதுகில் விரல் தடிமனுக்கு ஏழு கோடுகள். நாலு சிவப்பு, மூன்று கன்றிப்போய் நீலம். ஒன்றில் தோல் உரிந்து துணியோடு ஒட்டியிருந்தது.

"யாரு?"

"விசில் சார்."

பள்ளியின் விளையாட்டு வாத்தியார். கழுத்தில் எந்நேரமும் விசில் தொங்கும். கையில் காஸ் அடுப்புக்கு மாட்டுகிற ரப்பர் குழாயில் ஒரு முழம்.

"நீ என்ன பண்ணினே?"

"வரிசையில நிக்கும்போது சிரிச்சேன்."

"அதுக்கா?"

"எல்லாரையும்தாம்மா அடிப்பாரு. அஞ்சு அடி. அழுதா மறுபடி ஒண்ணுலேர்ந்து எண்ணுவாரு. நான் ரெண்டாவது அடியில அழுதுட்டேன்." பிறகு, ஏதோ கணக்கைச் சரியாகச் சொல்லிவிட்ட மாதிரி, "அதான் ஏழு," என்றது.

அவள் வெந்நீரில் பஞ்சை நனைத்து, ஒட்டிய துணியை நூல் நூலாகப் பிரித்தெடுத்தாள். அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தாள்.  களிம்பை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கிப் போய்ப் புருஷனை மிஷினிலிருந்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

அண்ணன் முதுகைப் பார்த்தார். கையில் இருந்த மைத்துணியால் தன் கழுத்தைத் துடைத்துக்கொண்டார், கழுத்தெல்லாம் கறுப்பானது. "இதோ போய்ட்டு வரேன்," என்று குடையைக்கூட எடுக்காமல் போனார்.

இரண்டு மணி நேரம் கழித்து வந்தார். கையில் ஒரு காக்கி உறை.

"பேசிட்டேன். அந்த ஆளைக் கூப்பிட்டுக் கண்டிச்சாங்க. இனிமே குட்டி மேல கை வைக்க மாட்டான்."

"குட்டி மேல மட்டுமா?" என்றாள் அவள்.

"என் கண்ணு முன்னாடியே திட்டினாரும்மா தாளாளர்."

"உறையில என்ன?"

அவர் உறையை மேஜையில் வைத்தார். "சேர்க்கை விளம்பரம். முழுப்பக்கம். ஆறு வாரத்துக்கு."

"அண்ணா, இதை நியூஸா போடணும். படம் எடுத்துப் போடணும்."

"போட்டா?"

"போட்டா ஊருக்குத் தெரியும்."

"ஊருக்குத் தெரியாதுன்னு நினைக்கிறியா? தெரியும். எல்லார் வீட்டுப் பிள்ளையும்தானே அங்க படிக்குது. யாராவது வாயைத் திறந்தாங்களா? நாம மட்டும் கத்தினா நாளைக்கு மிஷின் நிக்கும், குட்டி படிப்பு நிக்கும். அப்புறம் நாம நாலு பேரும் தெருவுல நிப்போம்." அவர் குரல் இறங்கியது. "எனக்கும் வயிறு எரியுதும்மா. விடு."

அவள் விடவில்லை.

செவ்வாயன்று மகள் பள்ளிக்குப் போகவில்லை. புதனன்று போனாள். பள்ளி வேன் டிரைவர் வழக்கம்போல வாசலில் ஹாரன் அடித்து, குழந்தையின் பையை வாங்கிக்கொண்டு, கையைப் பிடித்து ஏற்றிக்கொண்டான். "பார்த்து ஏறு கண்ணு," என்றான். நல்ல மாதிரி ஆள். பிள்ளைகள் எல்லாம் வேன் மாமா என்றுதான் கூப்பிடும்.

புதன் மதியம் அவள் கடைசிப் பக்கத்தைக் கட்ட உட்கார்ந்தாள். தாளாளர் தன் கைப்பட எழுதிக் கொடுத்திருந்த வாசகம்: 'உங்கள் பிள்ளைக்கு, முதல் வகுப்பிலிருந்தே, அனுபவமிக்க ஆசிரியர்களால், வலுவான அடித்தளம்.' கடைசி இரண்டு வார்த்தையும் பக்கத்தின் அகலத்துக்கு வர வேண்டும், சிவப்பில், என்று குறித்திருந்தார்.

அவள் அதை அப்படியே அடித்தாள். பெரிதாக்கினாள். சிவப்பாக்கினாள். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கடைசியில் இருந்த 'ளம்' என்பதை அழித்துவிட்டு 'ல்' என்று ஓர் எழுத்தைத் தட்டினாள். 'வலுவான அடித்தல்.' இட வசதியாகக்கூட இருந்தது.

ப்ரூஃப் அண்ணனிடம் போனது. அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பொடி எழுத்தையெல்லாம் வரி வரியாகப் பார்த்தார். தொலைபேசி எண்ணைச் சரிபார்த்தார். ஓரிடத்தில் ஒற்று சேர்த்தார். பெரிய எழுத்தை அச்சகத்தில் யாரும் படிக்க மாட்டார்கள்; கண் பிழை தேடுவது சின்ன எழுத்தில்தான். இது அவளுக்குத் தெரியும். கீழே கையெழுத்துப் போட்டு, "ஓட்டலாம்," என்றார்.

வியாழன் சாயங்காலம் முழுக்க அந்தச் சிவப்பு வார்த்தை மிஷினிலிருந்து ஆயிரம் ஆயிரமாக வந்து விழுந்தது. அவள் பக்கத்தில் நின்று எடுத்து எடுத்து அடுக்கினாள்.  

வெள்ளிக்கிழமை ஊர் சிரித்த சிரிப்பு அதற்கு முன் சிரித்ததில்லை. டீக்கடையில் ஒருவர் படிக்க இன்னொருவருக்குப் புரையேறி, டீ மூக்கு வழியாக வந்தது. காலை எட்டு மணிக்கெல்லாம் ஊரில் எல்லார் செல்போனிலும் அந்தப் படம் இருந்தது. முடிதிருத்தும் கடைக்காரர் தன் கண்ணாடிக்கு மேலேயே பக்கத்தை ஒட்டிவிட்டார். அவர் மகன் ஆறாம் வகுப்பு, அதே பள்ளி. பள்ளிக்குக் கிளம்புகிற பையனை நிறுத்தி, "படிடா இதை, அனுபவமிக்க ஆசிரியர்களாம்," என்று படிக்கச் சொல்லி, நாற்காலியில் சோப்பு நுரையோடு இருந்தவரும் அவருமாகக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள்.

அண்ணன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "என் கண்ணுல படலையே, என் கண்ணுல படலையே," என்பதையே சொல்லிக்கொண்டிருந்தார். தாளாளருக்குப் போன் போட்டார், எடுக்கவில்லை. நேரில் போனார், வாசலோடு அனுப்பிவிட்டார்கள். வந்து திருத்தம் ஒன்று எழுதத் தொடங்கினார். 'சென்ற இதழில் அடித்தளம் என்பதற்குப் பதில்' என்று ஆரம்பித்து, அதற்கு மேல் என்ன எழுதினாலும் இன்னும் சிரிப்பார்கள் என்று தெரிந்து, கசக்கிப் போட்டார். பக்கக்காரிக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் காய்கறிக் கடையில் இரண்டு அம்மாக்கள் அந்தப் பக்கத்தைச் சிரிக்காமல் பார்த்துக்கொண்டு நின்றதையும் அவள் பார்த்திருந்தாள். நெஞ்சுக்குள் சின்னதாக ஒரு குளிர்ச்சி.

அது சாயங்காலம் வரைக்கும்தான் இருந்தது.

மகள் வேனிலிருந்து இறங்கி ஓடி வந்தாள். முகம் வெளுத்திருந்தது. மதிய வரிசையில் பிள்ளைகள் எல்லாம் 'வலுவான அடித்தல், வலுவான அடித்தல்' என்று பாட்டு மாதிரி பாடினார்களாம். ஆரம்பித்தது முடிதிருத்துபவரின் மகன். விசில் வாத்தியார் வரிசையைப் பிளந்துகொண்டு வந்து அவனைப் பிடித்திழுத்து, கன்னத்தோடு காதையும் சேர்த்து அறைந்தார். விழுந்தவனைத் தூக்கி நிறுத்தி மறுபடி அதே காதில். மூன்றாவது அறையில் காதிலிருந்து ரத்தம் வந்தது.

"அவன் 'என்ன சார், என்ன சார்'னு கேட்டுக்கிட்டே இருந்தாம்மா. சார் சொல்றது அவனுக்குக் கேக்கல."



சனிக்கிழமை காலை எட்டரை மணிக்குப் பள்ளி வேன் அச்சக வாசலில் வந்து நின்றது. பள்ளி விடுமுறை நாள். மகள் மாடி ஜன்னலிலிருந்து, "அம்மா, வேன் மாமா வந்திருக்காரு," என்று கூப்பிட்டாள்.

டிரைவரோடு இன்னும் இரண்டு பேர் இறங்கினார்கள். மூவர் கையிலும் இரும்புக் கம்பி. டிரைவர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தான், அது பழக்கம். முதல் அடி கம்ப்யூட்டர் மேல் விழுந்தது. திரை உள்வாங்கி, கருந்துளை மாதிரி ஆனது. அடுத்தவன் மைக் குடுவைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிச் சுவரில் அடித்தான். கறுப்பு, சிவப்பு, நீலம் எல்லாம் வழிந்து தரையில் ஓடியது. மூன்றாமவன் மிஷினின் உருளையைக் கம்பியால் நெம்பிப் பார்த்தான்; வரவில்லை என்றதும் பல்சக்கரத்துக்குள் கம்பியைச் சொருகி மிதித்தான். ஏதோ உடைந்தது.

அண்ணன் பனியனோடு ஓடி வந்தார். "தம்பி, தம்பி, பேசிக்கலாம். தப்புதான். திருத்தம் போடறேன், முதல் பக்கத்துலயே போடறேன்."

"எந்தக் கை சார்?" என்றான் டிரைவர்.

"என்னப்பா?"

"எந்தக் கையால எழுதினீங்கன்னு கேட்டு வரச் சொன்னாங்க."

இரண்டு பேர் அவரைப் பிடித்தார்கள். வலது கையை இழுத்துத் தாள் அடுக்குகிற மேஜை மேல் வைத்தார்கள். அவர் இழுத்துக்கொள்ளப் பார்த்தார். மையில் கால் வழுக்கியது.

"விடுங்க," என்றாள் பக்கக்காரி. "அவர் பண்ணலை. நான்தான் பண்ணினேன்."

"டைப் பண்ணினது நீதான்னு தெரியும் தங்கச்சி. பார்த்துக் கையெழுத்துப் போட்டது இவருதானே."

"தப்பா விழலை. வேணும்னே போட்டேன். உங்க விசில் வாத்தியார் என் பொண்ணு முதுகைக் கிழிச்சான், அதுக்காக வேணும்னே போட்டேன்."

டிரைவர் அவளைப் பார்த்தான். ஒரு கணம் கம்பி இறங்கியது. பிறகு தலையை ஆட்டினான். "அண்ணனைக் காப்பாத்தப் பொய் சொல்லாத தங்கச்சி. வேணும்னே யாராவது இப்படிப் போடுவாங்களா? தள்ளிக்க."

அண்ணனும் அதையேதான் சொன்னார். "அவ ஏதோ உளர்றாப்பா. தப்பு என்னுது. நான்தான் பார்க்காம விட்டேன்."

கம்பி இரண்டு முறை இறங்கியது. முதல் அடிக்கு அவர் கத்தினார். இரண்டாவது அடிக்குச் சத்தம் வரவில்லை. வாய் மட்டும் திறந்திருந்தது. மூன்றாவது அடிக்கு டிரைவர் கையை ஓங்கியபோது பக்கக்காரி மேஜையிலிருந்த இரும்பு ஸ்கேலைக் கையில் பிடித்து அவன் முகத்தில் விளாசினாள். தாளை வெட்டி வெட்டி ஓரம் கூர் ஏறிய ஸ்கேல். டிரைவரின் கன்னம் காதடியிலிருந்து உதடு வரை திறந்துகொண்டது. மறுபடியும் ஓங்கினாள். அவனைக் கொன்றுவிட வேண்டும் என்றுதான் அந்த நேரத்தில் அவளுக்கு இருந்தது. அதைப் பிறகு எப்போதும் அவள் இல்லையென்று சொன்னதில்லை. மற்ற இருவரில் ஒருவன் அவளைப் பின்னாலிருந்து பிடித்து மைக்குள் தள்ளினான். பல் உதட்டைக் கிழித்தது.

டிரைவர் கன்னத்தைத் தொட்டுக் கையைப் பார்த்தான். கம்பி இன்னும் மற்றக் கையில் இருந்தது.

"உன்னை அடிக்கச் சொல்லல," என்றான். வாசலில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனான்.

ஆஸ்பத்திரியில் மூன்று மணி நேரம் அறுவை செய்தார்கள். சுண்டு விரலும் மோதிர விரலும் போயின. மற்ற மூன்றில் கம்பி வைத்துக் கட்டியிருந்தார்கள். காவல் நிலையத்தில் எழுத்தர் அவள் சொல்லச் சொல்ல எழுதினார். "ஒரு எழுத்துக்காம்மா இவ்வளவு சண்டை?" என்று கேட்டுக்கொண்டே எழுதினார். கையெழுத்துப் போடக் கொடுத்தபோது, 'அச்சகம் உடைக்கப்பட்டது' என்பது 'அச்சம் உடைக்கப்பட்டது' என்று இருந்தது. ஓர் எழுத்தைச் சேர்க்கச் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. கையெழுத்துப் போட்டாள்.

சாயங்காலம் அண்ணன் கண் விழித்ததும் அவள் கட்டிலருகே போய் நின்றாள்.

"அண்ணா, நான் சொன்னது பொய்யில்லை. வேணும்னேதான் போட்டேன்."

எதிரே நின்ற அண்ணியின் கை பளீரென்று அவள் கன்னத்தில் விழுந்தது. தையல் போட்ட உதடு மறுபடி திறந்துகொண்டது. அண்ணி அடுத்த அறைக்குக் கையை ஓங்கி, ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் தன் நெஞ்சிலேயே அடித்துக்கொண்டு அழுதாள்.

அண்ணன் கூரையைப் பார்த்தார். "இருபத்திரண்டு வருஷம்," என்றார். "ஊரே சிரிச்சுது. சிரிச்சிட்டுப் போகட்டும்னு இருந்தேன். ஏன்னா நம்ம பேப்பர்ல தப்பு இருந்திருக்கு, பொய் இருந்ததில்ல. நீ அதையும் பண்ணிட்டியேம்மா."

"அது பொய்யா அண்ணா? அந்தப் பக்கம் முழுக்கப் பார்த்தா அந்த ஒரு வார்த்தைதானே உண்மை."

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கட்டுப் போட்ட கை மட்டும் அவள் பக்கம் கிடந்தது.

ஞாயிறு காலை வந்த பெரிய நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் நாலு வரிச் செய்தி: 'பள்ளி விளம்பரத் தகராறு: ஆசிரியர் கை முறிந்தது.' எந்த ஆசிரியர் என்று குறிக்க எழுதியவருக்குத் தோன்றவில்லை. பள்ளி என்று இருப்பதால் பள்ளி ஆசிரியர் என்றே ஊர் எடுத்துக்கொண்டது. விசில் வாத்தியாரின் கையை யாரோ முறித்துவிட்டார்கள் என்று காலையிலேயே பரவியது. பள்ளியில் வேலை பார்க்கும் இரண்டு டீச்சர்கள் பழமும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். கதவைத் திறந்தவர் இரண்டு கையாலும் பையை வாங்கிக்கொண்டாராம்.

முடிதிருத்துபவர் பழம் வாங்கவில்லை. மகனின் காதுச் சவ்வு கிழிந்துவிட்டது. கேட்குமா என்பதை ஆறு வாரம் கழித்துத்தான் சொல்ல முடியும் என்றிருந்தார் டாக்டர். சனிக்கிழமை முழுக்கக் கடையைத் திறக்காமல் உட்கார்ந்து கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தவர், செய்தி கேட்டதும் கத்தியைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, எவனோ முந்திக்கொண்டுவிட்டான், கண்ணால் பார்த்துவிட்டாவது வருவோம் என்று ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டிலில் பத்திரிகைக்காரர் படுத்திருந்தார்.

"நீயா," என்றார். அவருக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. வராந்தாவில் நின்ற பக்கக்காரியைப் பார்த்ததும் இரண்டு எட்டில் போய் அவள் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு சேர்த்தார். "உங்க பேப்பராலதானே. ஒழுங்கா ஒரு வரி அடிக்கத் தெரியாத உங்களாலதானே என் பிள்ளை காது போச்சு."

"தெரியாம அடிக்கலைண்ணே," என்றாள். பிடித்த பிடியில் குரல் கீச்சென்று வந்தது. "தெரிஞ்சுதான் அடிச்சேன்."

பிடி தளர்ந்தது. அவள் மூச்சு வாங்கிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். மகளின் முதுகு, காக்கி உறை, அழித்த எழுத்து. அதை நம்பிய முதல் வெளி ஆள் அவர்தான். நம்பியதும் அவர் முகம் இன்னும் மோசமாகிவிட்டது.

"வேணும்னே போட்டியா," என்றார். "அப்ப அதை அப்படியே எழுதியிருக்கலாமே. அடிக்கிறாங்கன்னு எழுதியிருந்தா நான் சிரிச்சிருப்பேனா? என் பிள்ளையைக் கூப்பிட்டுப் படிச்சுக் காட்டியிருப்பேனா? அவன் அதைப் பாட்டுன்னு நினைச்சு எடுத்துட்டுப் போனானே."

 இருவரும் வராந்தா பெஞ்சில் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நர்ஸ் ஒருத்தி வந்து, கூட்டம் போடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"அவன் வீட்டுக்குத்தான் போகப்போறேன்," என்று கத்தி இருந்த சட்டைப்பையைத் தொட்டுக் காட்டினார் அவர்.

"போய் அறுத்துட்டா நாளைக்கு 'ஆசிரியர் மீது தாக்குதல்'னு வரும். பரிதாபம் அவனுக்குப் போகும். உங்க பிள்ளை காதைப் பத்தி ஒரு எழுத்து வராது."

"நீ எழுதுவியா?"

"எழுதறேன். ஆனா உங்க பிள்ளை ஒருத்தன் போதாது. என் பொண்ணும் போதாது."

 "முடி வெட்டும்போது பார்த்திருக்கேன்," என்றார் மெதுவாக. "பின்னங்கழுத்துல, காதுக்குப் பின்னால, தடிப்பு தடிப்பா. ரெண்டு வருஷமா பார்க்கிறேன். சின்னப் பிள்ளைங்க, விளையாடியிருக்கும்னு துணியைப் போர்த்திட்டு வெட்டுவேன்." தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யார் யார் வீடுன்னு எனக்குத் தெரியும்."

அன்று மதியம் தொடங்கி இருட்டும் வரை இருவரும் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். சில வீட்டில் கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் அப்பா, "பிள்ளையை அடிச்சுத்தான் வளர்க்கணும்," என்று அவர்களை வெளியே தள்ளினார். உள்ளே அம்மா விசும்புவது கேட்டது. காய்கறிக் கடையில் சிரிக்காமல் நின்ற இரண்டு பேரும் அவள் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டார்கள். மொத்தம் பதினோரு பிள்ளைகள்.

கம்ப்யூட்டர் இல்லை, மிஷின் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்கார்ந்து அவள் கையால் எழுதினாள். பெயர், வகுப்பு, எந்தத் தேதி, எங்கே அடிபட்டது, கையெழுத்துப் போட்ட பெற்றவர் பெயர். என்ன எழுதுகிறாள் என்று அண்ணன் கேட்கவில்லை, கவனிக்காத மாதிரி படுத்திருந்தார். அவள் எழுதி முடித்ததும் இடது கையை நீட்டினார். தாளைக் கொடுத்தாள். மூக்குக்கண்ணாடியை அவளே மாட்டிவிட்டாள். இந்த முறை அவர் மேலே இருந்த பெரிய எழுத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். 'பதினோரு பிள்ளைகளை இந்தப் பள்ளியில் அடித்திருக்கிறார்கள்.' எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தார்.

"முதல் பேரா குட்டி பேரைப் போடு," என்றார். "நம்ம வீட்டுப் பேரை நடுவுல ஒளிச்சு வைக்காதே."

திங்கட்கிழமை காலை நகல் கடையில் எடுத்த ஐந்நூறு தாளோடு அவள் பள்ளி வாசலில் நின்றாள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. அண்ணியும் ஒரு கட்டோடு எதிர்ப்பக்கம் நின்றாள்; இரண்டு நாளாக நாத்தனாரோடு பேசவில்லை, ஆனால் வந்திருந்தாள். வாங்கிய சிலர் பழக்கத்தில் சிரித்துக்கொண்டே பிரித்தார்கள். "இந்த வாரம் எதுல தப்பு?" என்று ஒருவர் கேட்டார். பாதி படித்ததும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, பிள்ளையின் கையைப் பிடித்தபடி வாசலைத் தாண்டாமல் நின்றார்.

விசில் வாத்தியார் வெளியே வந்தார். ஒரு தாளைப் பிடுங்கிப் பார்த்தார். மறுகணம் அவள் கையிலிருந்த கட்டை அறைந்து தட்டினார், சேற்றில் சிதறியது. குனிந்தவளை முழங்காலால் தள்ளினார். அவள் விழுந்தாள், எழுந்தாள், மறுபடி குனிந்து பொறுக்கினாள். அவர் அவள் முடியைப் பிடித்தார். அடுத்த நொடி அண்ணி அவர் முகத்தில் குடையால் குத்தினாள். முடிதிருத்துபவர் வெறுங்கையோடு பாய்ந்தார். யாரோ ஓர் அப்பா, பிறகு இன்னொருவர். அவர்கள் அடித்ததில் ஒழுங்கே இல்லை. ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு அடித்தார்கள். வாத்தியார் தலையைக் கைகளால் மூடிக்கொண்டு சுருண்டு கிடந்தார். பிள்ளைகள் எல்லாம் பார்த்துக்கொண்டு நின்றன. "போதும், பிள்ளைங்க பார்க்குது," என்று பக்கக்காரிதான் கத்தி, நடுவில் புகுந்து விலக்கினாள். அதற்குள் அவர் வாயும் மூக்கும் ஒன்றாகியிருந்தன. காவலாளி அவரை உள்ளே இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினான்.

அந்த நேரத்தில்தான் வேன் வந்து நின்றது.

டிரைவர் இறங்கினான். புகார் கொடுத்தும் போலீஸ் அவனைத் தேடிப் போயிருக்கவில்லை. கன்னத்தில் காதிலிருந்து உதடு வரை பதினாறு தையல். கூட்டம் விலகியது. அவள் கையில் எதுவும் இல்லை. சேற்றில் கிடந்த கல் ஒன்றைக் கண்ணால் பார்த்து வைத்துக்கொண்டாள். அவன் கிட்டே வந்து, குனிந்து, காலடியில் கிடந்த ஈரத் தாளை எடுத்தான். விரலை வைத்து ஒவ்வொரு பெயராக, உதட்டை அசைத்துப் படித்தான். கடைசி வரை வந்து, மறுபடி முதலிலிருந்து படித்தான்.

"இதுல ஒரு பேரு விட்டுப்போச்சு," என்றான். தையல் இழுத்ததில் வார்த்தை கோணலாக வந்தது.

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"மூணாம் வகுப்பு. போன மாசம். ரெண்டு நாள் எந்திரிக்கல." அவன் வேன் பக்கம் திரும்பிக் கையைக் காட்டினான். முன் இருக்கையில் இருந்த சின்னப் பெண் இறங்கி வந்து அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றது. "என் பொண்ணு."

"தெரிஞ்சும் எங்க வீட்டுக்குக் கம்பி எடுத்துட்டு வந்தீங்களா?"

"வேலை," என்றான்.  பிறகு, "சார் கை எப்படி இருக்கு?"

"ரெண்டு விரல் எடுத்துட்டாங்க."

அவன் தலையை ஆட்டினான். நிமிர்ந்து அவளைப் பார்க்கவில்லை. அவளுக்கு அவன் முகத்தில் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. ஆனால் அவனுக்கும் அவளுக்கும் நடுவில் அந்தப் பெண் நின்றது. பையின் வாரை ஒரு தோளில் மட்டும் மாட்டியிருந்தது.

அவள் அண்ணியிடமிருந்து நனையாத தாள் ஒன்றை வாங்கினாள். சுவரில் வைத்து, பேனாவை எடுத்தாள். "பேரைச் சொல்லுங்க. இனிஷியலோட."

அவன் சொன்னான். அவள் பதினோராவது பெயருக்குக் கீழே பன்னிரண்டு என்று போட்டு எழுதினாள். வகுப்பைக் கேட்டு எழுதினாள். தேதியைக் கேட்டாள், அவன் யோசிக்காமல் சொன்னான்.

"கையெழுத்துப் போடணும். போட்டா வேலை போயிடும்."

"தெரியும். பேரை ஒரு தடவை படிச்சுக் காட்டு தங்கச்சி."

அவள் படித்தாள். அவன் மகளைக் குனிந்து பார்த்தான். அது தலையசைத்தது.

"சரியா இருக்கு," என்று சொல்லிப் பேனாவை வாங்கிக்கொண்டான்.